பழைய சீனக் கம்பளத்தைப் படிப்பது எப்படி?

வாலாஜாபேட்டையில் உறவினர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய சீனக் கம்பளத்தைக் கூடத்தில் விரித்தபோது, மூலைக்கொன்றாக இருந்த வௌவால்களைக் கண்டு அவ்வீட்டுப் பாட்டி, "பாழடைஞ்ச வீட்டுல தொங்குறத யாராவது நடுக்கூடத்துல போடுவாங்களா?" என்று முகம் சுளித்தார். சீனத்திலோ வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் 'ஃபூ' என்ற ஒரே ஒலிதான். ஐந்து வௌவால்கள் சேர்ந்திருந்தால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் நாட்டம், இயல்பான இறப்பு ஆகிய ஐம்பேறுகளைக் குறிக்கும்.

ஆகவே உருவத்தைக் கண்டவுடன் பொருள் முடிவு செய்யாமல், நம் புலவர்களின் சிலேடையைப் போல முதலில் அதன் பெயரொலியைக் கேட்க வேண்டும். மீன் 'யூ'; மிகுதியும் 'யூ'. பூச்சாடி 'பிங்', அமைதியும் அதுவே. மானின் 'லூ' அரசுப் பதவிக்குரிய ஊதியத்தைச் சுட்டும்.

நடுவட்டத்தைப் பார்த்தபின் கரைக்கு வாருங்கள். அங்கே தொடர்ந்து வரும் ஸ்வஸ்திகம் 'வான்', அதாவது பத்தாயிரம். நடுவிலுள்ள வாழ்த்து அளவின்றிப் பெருகட்டும் என்பது கருத்து. சிக்குக் கோலத்தைப் போல் தொடக்கமும் முடிவும் தெரியாத முடிச்சும், சங்கும், சக்கரமும் பௌத்தத்தின் எட்டு மங்கலங்களைச் சேர்ந்தவை. விசிறி, வாள், சுரைக்குடுக்கை, புல்லாங்குழல் ஆகியவை தனியே கிடந்தால், தாவோ என்னும் சீனச் சமய மரபின் எட்டுச் சித்தர்களை ஆளை வரையாமல் அவரவர் கைப்பொருளால் காட்டியிருக்கிறார்கள் என்று கொள்க.

நீண்டு ஒடுங்கிய கம்பளத்தில் டிராகனின் உடல் இரு ஓரங்களிலும் துண்டுபட்டிருந்தால், யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். அது பௌத்த மடங்களின் தூணில் சுற்றுவதற்காக நெய்தது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் அதைச் சுற்றியதாக நினைத்துப் பாருங்கள், ஓரங்கள் கூடியதும் டிராகன் முழுதாகித் தூணை வளைத்து ஏறும்.

அடுத்து, கம்பளத்தைப் புரட்டி முடிச்சுகளைக் கவனியுங்கள். பாரசீகக் கம்பளங்களின் நெருக்கம் இவற்றில் பெரும்பாலும் இராது. அதைக் குறையென்று விலையைக் குறைத்துப் பேசுவது அறியாமை. பருத்திப் பாவின்மேல் தடித்த கம்பளி, அவுரி நீலம், தந்த வெண்மை, மஞ்சள் ஆகியவை பழைய கம்பளங்களின் வழக்கமான சேர்க்கை. இழைகளை விரலால் பிரித்து, நுனி வெளுத்து அடி மட்டும் பளிச்சென்றிருந்தால் செயற்கைச் சாயமோ என்று ஐயுறலாம். கரையே இல்லாமல், அடர்ந்த ஊதாவிலோ பச்சையிலோ ஒரு மூலையில் மட்டும் பூங்கொத்து சாய்ந்திருந்தால், அது பெரும்பாலும் 1920களிலும் அதற்குப் பின்னும் சீனத் துறைமுக நகரான தியான்ஜினின் தறிகளில் அயல்நாட்டுச் சந்தைக்காக நெய்த சரக்கு. அழகுக்குக் குறைவில்லை என்றாலும், அதில் சிலேடை தேடி மெனக்கெட வேண்டியதில்லை.