ராத்திரி ஜாப்பில் செய்யக் கூடாத தவறுகள்

காலை ஏழரை மணி, பெங்களூரு சில்க் போர்டு சிக்னல். கம்பெனி பஸ் நகரவில்லை, போன் மட்டும் விடாமல் அடித்தது. டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பையன். "அண்ணா, நைட்டு ரெண்டு மணிக்கு ஓட வேண்டிய பில்லிங் ஜாப் இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. லாகின் பேஜே திறக்க மாட்டேங்குது."

மணியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அதற்கு இரவு 2 என்றால் நமக்குக் காலை 7.30. ஜாவாவில் ஆப் எழுத உதவும் ஸ்பிரிங்கில், வேலை எப்போது ஓட வேண்டும் என்று கோடில் குறிப்பது ஷெட்யூல்ட் அனோடேஷன். அதில் நேர மண்டலத்துக்கு ஜோன் என்று ஒன்று உண்டு. அதில் ஏசியா/கொல்கத்தா என்று எழுதியிருந்தால் அன்றைய காலை நிம்மதியாகப் போயிருக்கும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே பெரும்பாலான இடங்களில் கடிகாரம் 2 மணியிலிருந்து நேராக 3-க்குத் தாவும், 2.30 என்ற நேரமே அன்றைக்குக் கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறன்று 1.30 இரண்டு தடவை வரும்.

இதாவது கண்ணில் பட்டது. பட்டனை அமுக்கிவிட்டு எதிரே காத்திருக்க ஆள் இல்லாததால், பின்னணி வேலை கெட்டுப்போனால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

இதில் மோசமானது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஜாவாவின் ஷெட்யூல்ட் எக்ஸிகியூட்டர். ஜாவா 5-லிருந்து இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் ஃபிக்ஸ்ட் ரேட்டில், அதாவது சீரான இடைவெளியில் ஓடும் வேலை ஒரே ஒரு தடவை எக்ஸெப்ஷனை (பிழையை) வெளியே விட்டால் போதும், அடுத்த முறையிலிருந்து அது ஓடவே ஓடாது. ஆப்பின் பதிவேடான லாகில் ஒரு வரிகூட இருக்காது. வேலையை ஓட்டும் திரெட் உயிரோடு இருக்கும், ஆப்பும் நன்றாக இருக்கும், வேலை மட்டும் நின்றிருக்கும். நான் பார்த்த ஒரு இடத்தில் பதினொரு நாள் கழித்து, "ரிப்போர்ட் மெயில் வரவில்லையே" என்று வாடிக்கையாளர் கேட்டபோதுதான் தெரிந்தது. டேபிளில் ஒரு வரிசையில் தேதி காலியாக இருந்திருக்கிறது, அதனால் வந்த நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன். வேலையின் முழு உடலையும் பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்சுக்குள் வைத்து, பிடித்ததை லாகில் எழுதுங்கள். ஸ்பிரிங் இந்த விஷயத்தில் தேவலை: எரரை லாகில் போட்டுவிட்டு அடுத்த தடவையும் ஓட்டும்.

ஆனால் ஸ்பிரிங்கை எளிதாக்கும் ஸ்பிரிங் பூட்டில் (Spring Boot) வேறு கண்ணி இருக்கிறது. மாற்றாமல் விட்டால் எல்லா ஷெட்யூல் வேலைகளுக்கும் சேர்த்து ஒரே திரெட்தான். ஒரு வேலை வெளி ஏபிஐ-யிடம் (வேறொரு சேவையிடம்) டைம்அவுட் என்ற காத்திருப்பு வரம்பு இல்லாமல் மாட்டிக்கொண்டால், மற்றதெல்லாம் ஒற்றை கவுன்டர் வங்கி மாதிரி பின்னால் நிற்கும். பூல் அளவை, அதாவது திரெட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதற்கு முன்னால் டைம்அவுட் வையுங்கள்.

அப்புறம் கிரான், அதாவது வேலை ஓட வேண்டிய நேரத்தை எழுதும் முறை. லினக்ஸில் ஐந்து ஃபீல்டு, ஸ்பிரிங்கில் ஆறு, முதலாவது விநாடி. லினக்ஸிலிருந்து "0 2 * * *" என்று காப்பி அடித்துப் போட்டால் ஆப் எழும்பவே எழும்பாது. சரி, ஆறு தானே கேட்கிறது என்று அவசரத்தில் முன்னால் ஒரு நட்சத்திரத்தைச் சேர்ப்பார்கள்: "* 0 2 * * *". இப்போது ஆப் எழும்பும். இரவு 2 மணி அடித்ததும் விநாடிக்கு ஒரு தடவை, அந்த ஒரு நிமிடத்தில் 60 தடவை ஓடும். நினைவூட்டல் மெயில் அனுப்பும் வேலையாக இருந்தால் மறுநாள் நீங்கள் ஆபீசுக்குப் போகாமலிருப்பது நல்லது. சரியானது "0 0 2 * * *".

சர்வர் இரண்டானால் வேலையும் இரண்டு தடவை ஓடும். இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் லோடு கூடி இரண்டாவது சர்வரைச் சேர்க்கும் நாளில் யாருக்கும் ஞாபகம் வராது. ஷெட்லாக் என்ற லைப்ரரி டேட்டாபேஸில் ஒரு வரிசையைப் பூட்டாக வைத்துக்கொண்டு ஒரு சர்வரை மட்டும் ஓடவிடும். குவார்ட்ஸ் என்ற ஷெட்யூலரைக் கிளஸ்டராகவும் (பல சர்வர் சேர்ந்த ஒரே குழுவாக) அமைக்கலாம். ஷெட்லாக்கில் பூட்டின் அதிகபட்ச நேரத்தைக் கவனமாக வையுங்கள். வேலை அதைவிட நீண்டால் பூட்டு தானாகத் திறந்து அடுத்த சர்வரும் உள்ளே வந்துவிடும். அதனால் பூட்டை மட்டும் நம்பாமல், "இந்தப் பில் அனுப்பியாச்சா" என்று டேபிளில் ஒரு காலம் (column) வைத்து அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜாவா ஆப்பை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் நீங்களே எக்ஸிகியூட்டரைத் தொடங்கினால், ஆப் நிற்கும்போது அழைக்கப்படும் லிசனரில் அதை ஷட்டவுன் செய்யுங்கள். செய்யாமல் புதிய கோடை ரீடிப்ளாய் செய்தால் பழைய திரெட் பழைய கோடோடு ஓடிக்கொண்டே இருக்கும். திருத்திய பிறகும் பழைய வாசகத்தோடே மெயில் போகிறதென்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

இப்போது எங்களிடம் ஒரு சின்ன டேபிள் இருக்கிறது. வேலையின் பெயர், கடைசியாக ஒழுங்காக முடிந்த நேரம், அவ்வளவுதான். தினசரி வேலை எதற்காவது அந்த நேரம் 26 மணி நேரத்துக்கு மேல் பழசானால் அலர்ட் வரும். அதைப் பார்க்கும் ஸ்கிரிப்டை அதே ஆப்புக்குள் வைக்கவில்லை, ஆப் விழுந்தால் அதுவும் கூடவே விழும். வேறொரு மெஷினில், லினக்ஸ் கிரானில் ஓடுகிறது. அங்கே ஐந்து ஃபீல்டுதான்.