ஊர் கிரிக்கெட் கிளப்பின் வார இறுதிப் போட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு இரண்டே நாள், ஒரே மைதானம், ஆறு முதல் எட்டு அணிகள். இப்படி நடக்கும் போட்டிகளில் தகராறு வெடிப்பது பெரும்பாலும் ஞாயிறு மாலையில். அதற்கான விதை அதற்கு முந்தைய வாரமே விழுந்திருக்கும். நேரத்தைக் கணக்குப் போடாமல் அட்டவணை போட்டிருப்பார்கள், விதிகளை வாய்ப்பேச்சாக விட்டிருப்பார்கள், பிட்சைக் காலால் அளந்திருப்பார்கள். கிளப்பில் ஒருவர் இரண்டு மாலை உட்கார்ந்தால் இவை அனைத்தையும் சரிசெய்துவிடலாம்.

அணிகளைச் சேர்த்த பிறகு அட்டவணை போடுவது

எத்தனை ஆட்டம் நடத்தலாம் என்பதை முடிவு செய்வது வெளிச்சம். அதை முதலில் கணக்கிட்டுவிட்டு, பிறகுதான் அணிகளை அழைக்க வேண்டும்.

சர்வதேச டி20யில் 20 ஓவரை 85 நிமிடத்தில் வீசி முடிக்க வேண்டும், அதாவது ஓவருக்கு நாலேகால் நிமிடம். ஊர் மைதானத்தில் புதருக்குள் போன பந்தைத் தேட வேண்டும், அவுட் ஆனவர் ஹெல்மெட்டைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே ஓவருக்கு நாலரை நிமிடம் என்றே எழுதுங்கள். 20 ஓவர் ஆட்டம் என்றால் இரு இன்னிங்ஸுக்கு 180 நிமிடம், இடைவேளைக்கும் அடுத்த அணிகள் இறங்குவதற்கும் 20 நிமிடம், ஆக 200 நிமிடம். காலை 7 முதல் மாலை 6 வரை 660 நிமிடத்தில் மூன்று ஆட்டம்தான் அடங்கும். இரண்டு நாளில் ஆறு. எட்டு அணிகள் மோதும் நாக் அவுட்டுக்கே ஏழு ஆட்டம் வேண்டும். 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்று தொடங்கிய போட்டியில், பைனல் இருட்டில் ஐந்து ஓவராகச் சுருங்குவது இப்படித்தான்.

12 ஓவராகக் குறைத்தால் ஓர் ஆட்டத்துக்கு இடைவேளை எல்லாம் சேர்த்து 130 நிமிடம். ஒரு நாளில் ஐந்து ஆட்டம் அடங்கும். ஆறு அணிகளை மூன்று மூன்றாக இரண்டு பிரிவாகப் பிரித்தால் லீக் ஆட்டம் ஆறு, அரையிறுதி இரண்டு, பைனல் ஒன்று, மொத்தம் ஒன்பது. சனியன்று ஐந்து, ஞாயிறன்று நான்கு. ஞாயிறில் மிஞ்சும் இரண்டு மணி நேரத்தை மழைக்கென்று விட்டுவைக்க வேண்டும். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு இன்னோர் அணியைச் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இரு பிரிவுகளின் ஆட்டங்களை மாறி மாறி வையுங்கள். அப்போது லீக் சுற்றில் எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆட நேராது. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓர் ஆட்ட நேரம் ஓய்வு கிடைக்கும். மூன்று அணிகள் உள்ள பிரிவில் முதல் இருவர் அரையிறுதிக்குப் போவதாக இருந்தால், முதல் ஆட்டத்தில் வென்ற அணியை மூன்றாவது அணியோடு மோதவிடுங்கள். தோற்ற அணியை மோதவிட்டு அது மறுபடியும் தோற்றால், மற்ற இரண்டும் அரையிறுதிக்குப் போனது முன்பே உறுதியாகிவிடும்; கடைசி லீக் ஆட்டத்தில் உயிர் இருக்காது. வென்ற அணியை மோதவிட்டால் யார் ஜெயித்தாலும் கடைசி ஆட்டம் வரை போட்டி இருக்கும்.

பிட்சை எட்டு வைத்து அளப்பது

ஓர் எட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால் போதும், 22 எட்டில் பிட்ச் ஒரு மீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். அதில் மிதவேகப் பந்து வீச்சும் ஆபத்தாகும். டேப்பால் அளக்கும்போதும் ஒரு பிசகு நடக்கிறது. 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர் என்பது ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையிலான தூரம். பேட்ஸ்மேன் நிற்கும் கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை அதை அளந்தால் பிட்ச் இரண்டரை மீட்டர் நீண்டுவிடும். பேட்ஸ்மேன் நிற்கும் அந்தக் கோடான பாப்பிங் கிரீஸ், ஸ்டம்ப் கோட்டிலிருந்து 1.22 மீட்டர் முன்னால் வர வேண்டும். கோடுகளைப் போட்ட பிறகு இரு பாப்பிங் கிரீஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 17.68 மீட்டர் வந்தால் எல்லாம் சரி. கோடு செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்ப்பதுபோல் 3, 4, 5 மீட்டர் கயிற்று முக்கோணம் போதும்.

மண்ணைப் பண்படுத்துவதில் அவசரம்தான் பெரிய எதிரி. வெள்ளி இரவு தண்ணீர் ஊற்றிச் சனி காலை ரோலர் ஓட்டினால் மேல் மண் மட்டும் பாளமாக அழுந்தும், அடியில் ஈரம் நிற்கும். ஆட்டம் நடக்க நடக்கப் பாளம் உடைந்து பந்து ஒரு முறை உருளும், ஒரு முறை முகத்துக்கு எழும். புதனன்று ஆழமாக நனையும்படி தண்ணீர் விட்டு, வியாழன், வெள்ளி இரண்டு நாளும் உருட்டுங்கள். ரோலரில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம், காத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பதிந்து, விரலில் மண் ஒட்டாமல் வர வேண்டும். அதுதான் பதம்.

பவுலரின் கால் விழும் குழியை உதிரி மணலால் மூடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இரண்டு ஓவரில் மணல் பறந்து குழி மறுபடி திறக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான். பிட்சின் அதே மண்ணை ஈரப்படுத்திப் போட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு செய்யும் வேலை. இடம் இருந்தால் சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று எனப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிட்ச் தயாரிப்பது நல்லது. அப்படி மாற்றினால் பவுண்டரி எல்லையையும் நகர்த்துங்கள்.

பிட்சின் மேல் நார் மேட் விரிப்பவர்கள் அடித் தரையிலிருந்து சிறு கல்லைக்கூட விடாமல் பொறுக்க வேண்டும். நான்கு பக்கமும் முழு விறைப்பில் இழுத்து ஆணி அடியுங்கள். ஆணித் தலை மேட்டின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தளர்ந்த மேட்டில் பவுலரின் முன்னங்கால் சுருக்கத்தில் மாட்டும்.

ரன் ரேட்டைத் தவறாகப் போடுவது

அதிக மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான். வெற்றிகள் சமமான அணிகளில் யார் மேலே என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அணி எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பதே நெட் ரன் ரேட். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால் விடை மாறும்.

7.4 ஓவர் என்பது 7 ஓவரும் 4 பந்தும். ஆறில் நான்கு என்பதால் வகுக்கும்போது அது 7.667. 61 ரன்னை 7.667ஆல் வகுத்தால் 7.96. கால்குலேட்டரில் 7.4 என்றே அடித்தால் 8.24. அரையிறுதி இடம் இதைவிடச் சிறிய வித்தியாசத்தில் பறிபோவதுண்டு.

ஆல் அவுட் ஆன அணிக்கு முழு ஓவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 12 ஓவரில் 84 எடுத்த அணி, எதிரணியை 9.2 ஓவரில் 60க்குச் சுருட்டியது என்று வைத்துக்கொள்வோம். சரியான கணக்கு 84/12 கழித்தல் 60/12, அதாவது +2.00. 9.2 ஓவரை வைத்துப் போட்டால் +0.57 ஆகிவிடும். பத்து விக்கெட் எடுத்ததற்காகவே அந்த அணி தண்டிக்கப்படுகிறது.

கணக்குத் தெரிந்தவர் ஸ்கோர் மேசையில் இருந்தால் மட்டும் போதாது, களத்தில் ஆடுகிறவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக 37.1 ஓவரில் 292 எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பந்தில் விக்கெட் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸரோடு 295ஐ எட்டினாலும் முன்னேறலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பந்தைத் தடுத்து ஆடி, 289இல் ஆல் அவுட் ஆகி, 2 ரன்னில் தோற்றார்கள். ஆகவே இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்குமுன் இத்தனை பந்துக்குள் இலக்கு, கடைசி அடி நான்கானால் இத்தனை, ஆறானால் இத்தனை என்று சீட்டில் எழுதி இரு கேப்டன்களிடமும் கொடுங்கள்.

மழையையும் டையையும் நேரும்போது பேசுவது

ஓவருக்கு நாலரை நிமிடம், இரு அணிக்கும் சேர்த்து ஒன்பது. மழையால் போகும் ஒவ்வொரு ஒன்பது நிமிடத்துக்கும் இரு அணிக்கும் ஓர் ஓவர் குறைப்பு, குறைந்தது ஐந்து ஓவர் நடந்தால்தான் முடிவு என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். இரண்டாவது இன்னிங்ஸின் நடுவில் நின்றுபோனால் எந்த முறை என்பதையும் தீர்மானியுங்கள். வெறும் சராசரி ரன் ரேட், விக்கெட்டை இழந்து அடித்தாடும் அணிக்குச் சாதகம். டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் விக்கெட்டும் கணக்கில் வரும். அதற்கான செயலியை இயக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்த முறையின் அட்டவணையில் உள்ள 'பார்' ஸ்கோர் டைக்கான (இரு அணியும் சமம் ஆவதற்கான) எண், வெற்றிக்கு அதைவிட ஒன்று கூட வேண்டும். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் மழை வந்த நேரத்தில் தென்னாப்பிரிக்கா 'பார்' எண்ணான 229 போதும் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தடுத்து ஆட, ஆட்டம் டை ஆகி அவர்கள் வெளியேறினார்கள்.

டை ஆனால் சூப்பர் ஓவர், அதாவது ஆளுக்கு ஓர் ஓவர் கூடுதலாக; அதுவும் டை ஆனால்? 2019 உலகக் கோப்பைப் பைனல் பவுண்டரி எண்ணிக்கையில் முடிந்த பிறகு, முடிவு வரும்வரை சூப்பர் ஓவரைத் தொடரும்படி சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) விதியை மாற்றியது. வெளிச்சம் போய்விட்டால் லீக்கில் மேலே இருந்த அணிக்கு வெற்றி என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்யுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. இதில் கேப்டன்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம்.

அம்பயர், ஸ்கோரர்

ஓய்வில் இருக்கும் அணி இரண்டு அம்பயரையும் இரண்டு ஸ்கோரரையும் தர வேண்டும் என்று அட்டவணையிலேயே போடுங்கள். நாள் முழுக்க ஒருவரே வெயிலில் நின்றால் நான்காவது ஆட்டத்தில் அவரால் பந்தை எண்ணவே முடியாது. அம்பயர் தவறாக எண்ணி ஐந்து பந்தில் ஓவரை முடித்துவிட்டால், விதிப்படி அவர் எண்ணியதே செல்லும்.

பழைய விதியில் நிற்பவர்கள் நிறைய. 2022 அக்டோபர் முதல், கேட்ச்சில் அவுட் ஆனால் பேட்ஸ்மேன்கள் கடந்திருந்தாலும், ஓவர் முடிந்திருந்தால் தவிர, புதிதாக வருபவரே அடுத்த பந்தை ஆட வேண்டும். பந்து வீசுமுன் கோட்டை விட்டு வெளியேறும் நான் ஸ்ட்ரைக்கரை (பவுலர் முனையில் நிற்பவரை) வீழ்த்துவது ரன் அவுட் விதிக்குள்ளேயே வந்துவிட்டது. ப்ரீ ஹிட் (நோ பாலுக்கு அடுத்த பந்தில் பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் சலுகை) அடிப்படை விதிப்புத்தகத்தில் இல்லை, வேண்டுமானால் உங்கள் விதித்தாளில் எழுத வேண்டும். மரக்கிளை, மின்கம்பி ஆகியவற்றில் பந்து பட்டால் என்ன என்பதும் அந்தத் தாளில் வரட்டும். டாஸுக்கு எத்தனை நிமிடம் தாமதித்தால் டாஸ் போச்சு, எப்போது வாக் ஓவர் என்பதும், 15 பேர் பெயர்ப் பட்டியலும் அப்படியே.

ஸ்கோரர் இருவர் வேண்டும். ஒவ்வோர் ஓவர் முடிவிலும் ஒருவர் எண்ணை மற்றவர் சத்தமாகச் சரிபார்க்க வேண்டும். ஒய்டும் நோ பாலும் பவுலர் கணக்கில் சேரும், பேட்டில் படாமல் ஓடி எடுக்கும் பையும், உடம்பில் பட்டு ஓடி எடுக்கும் லெக் பையும் சேராது. இன்னிங்ஸ் முடிந்ததும் பேட்ஸ்மேன்களின் ரன்னோடு எக்ஸ்ட்ராவைக் கூட்டுங்கள். பவுலர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பையைக் கூட்டுங்கள். பெனால்டி ரன் இல்லாத ஆட்டத்தில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் இலக்கை அறிவிக்காதீர்கள்.

பந்தும் தலையும்

ஒன்பது ஆட்டம், இன்னிங்ஸுக்கு ஒன்று என்றால் 18 புதுப் பந்து. எல்லாம் ஒரே வகையாக, 156 முதல் 163 கிராம் எடைக்குள் இருக்கட்டும். தொலைந்த பந்துக்குப் பதிலாகப் புதுப் பந்தைக் கொடுப்பது தவறு. தேய்மானம் ஒத்த பந்துதான் வர வேண்டும். அதற்காக ஐந்தாறு பழைய பந்துகளைத் தேய்மான வாரியாகப் பெட்டியில் வையுங்கள்.

லெதர் பந்து என்றால் ஹெல்மெட் இல்லாமல் யாரும் பேட் பிடிக்கக் கூடாது, ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பரும் அப்படியே. தலையில் அடி வாங்கியவர் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னாலும் அன்று மறுபடி இறங்கக் கூடாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தாமதமாகத் தெரியலாம். மாற்று பீல்டர் பேட் பிடிக்க விதியில் இடமில்லை. அடிபட்டவருக்குப் பதில் வருபவர் பேட்டிங்கும் செய்யலாம் என்று உங்கள் விதித்தாளில் எழுதிவிட்டால், அணிக்கு ஆள் குறையும் என்ற பயத்தில் யாரும் அவரைத் திரும்பக் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

பைனல் முடிந்த கையோடு மேட்டைச் சுருட்டி அறைக்குள் தள்ளிவிடாதீர்கள். ஈரத்தோடு சுருட்டினால் நார் மக்கும். ஒரு நாள் வெயிலில் விரித்துக் காயவைத்து, மண்ணை உதறிச் சுருட்டுங்கள். கால் குழிகளை அன்று மாலையே இடித்து மூடித் தண்ணீர் விட்டால் அடுத்த வாரத்துக்குள் மண் இறுகிவிடும்.