டொமைன் வாங்கும் முன் ஒரு போன் போடுங்கள்

சொந்தமாக இணையதளம் தொடங்க டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்கப் போகிறீர்களா? மனதில் உள்ள பெயரை முதலில் யாருக்காவது போனில் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் சரியாகத் தட்டச்சு செய்துவிட்டால் பெயர் தேறிவிட்டது. நம் பெயர்களுக்கு இது லேசில் நடக்காது. கயல்விழி என்றால் ஒருவர் இசட், எச் போடுவார். இன்னொருவர் ஒற்றை எல்லோடு முடித்துவிடுவார். அப்படிப்பட்ட பெயர்தான் வேண்டும் என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். ஹைஃபன் மட்டும் வேண்டவே வேண்டாம், 'நடுவுல ஒரு கோடு' என்று சொல்லி மாளாது.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரி வாங்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் எக்ஸ் என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறிவிடும்.

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் தாராளமாகப் போதும். வேறு நாட்டுக் குறியீடு என்றால் அதன் விதியைப் படித்துவிடுங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, தகுதி இழந்த பிரிட்டன்காரர்களின் டாட் ஈயூ (அந்த ஒன்றியத்தின் குறியீடு) முகவரிகள் 2022 ஜனவரியில் ரத்தாகிவிட்டன.

அப்புறம், முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், தளம் செய்து தருபவர் பெயரில் வேண்டாம். டொமைனைப் பதிவு செய்யும் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்; டொமைன் காலாவதியானால் நினைவூட்டும் கடிதமும் வந்து சேராது.