வார்டு எல்லைக்கு யோசனை சொல்ல வருபவர்கள் செய்யும் தவறுகள்

வார்டு மறுவரையறை, அதாவது வார்டு எல்லைகளைத் திரும்ப வரைவது என்றதும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகள் அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. கடைசித் தேதியைத் தவறவிடுவது, மனுவில் கையெழுத்து போடாதது எல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உங்கள் வார்டை மட்டும் வரைந்து கொண்டுவருவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கூட்டத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் பெரிய சார்ட் தாளில் வண்ணம் தீட்டிய படத்தோடு வந்தது. பிரிந்து கிடந்த நான்கு தெருக்களையும் தங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். நியாயமான கோரிக்கைதான். அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: “இவங்க உள்ள வந்தா, வெளிய போறது யாரு?” பேச வந்தவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். யாரிடமும் பதில் இல்லை. இறுதி வரைபடத்தில் அந்த எல்லை ஒரு கோடுகூட நகரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 90,000 பேர், 9 வார்டு என்றால் சராசரி 10,000. எல்லா வார்டும் இயன்றவரை இதை ஒட்டியே இருக்கவேண்டும். ஐந்தாம் வார்டிலிருந்து 1,400 பேரை நான்காம் வார்டுக்கு இழுத்தால் ஒன்று 11,400, மற்றது 8,600. அதைச் சரிசெய்ய நான்கிலிருந்து மூன்றுக்குத் தள்ளவேண்டும், மூன்றிலிருந்து இரண்டுக்கு. உங்கள் நான்கு தெரு ஊர் முழுக்க இடித்துக்கொண்டு போகும்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் கவுண்டியில் ஒரு தொகுதியில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 414, 828. நாலுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்! மக்கள்தொகைச் சமத்துவம் உள்ளாட்சிக்கும் பொருந்தும் என்று 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் அரசியலமைப்பின் 243சி பிரிவும், மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் ஊராட்சிப் பகுதி முழுக்க இயன்றவரை ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது.

அதனால் முழுப் படத்தையும் போட்டுக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இரண்டு வார்டுக்குள் ஒரு மாற்று: உள்ளே இத்தனை பேர், வெளியே ஏறக்குறைய அத்தனை பேர். வெளியே போகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அதே கூட்டத்தில் அவர்களே எழுந்து நின்று உங்களை எதிர்ப்பார்கள்.

வாக்காளர் பட்டியலை வைத்து எண்ணுவது

எந்த எண்ணிக்கை செல்லும் என்று முதலில் கேளுங்கள். இந்தியாவில் மக்கள்தொகைதான், கைக்குழந்தையும் கணக்கில் உண்டு. இங்கிலாந்தில் வாக்காளர் எண்ணிக்கை.

கணக்கெடுப்புப் பிளாக்கைக் குறுக்கே வெட்டுவது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலை எண்ணப் பிரித்த சின்னப் பகுதிதான் பிளாக். அதை வெட்டாதீர்கள். பாதி பிளாக்குக்குத் தலைக்கணக்கு கிடைக்காது.

“நாங்க எல்லாம் ஒண்ணு” என்று மட்டும் சொல்வது

எதில் ஒன்று? ஒரே பள்ளிக்கூடமா, ஒரே தண்ணீர்த் தொட்டியா, மழை வந்தால் ஒரே வடிகாலில் தேங்குகிறதா? அதை எழுதுங்கள். “எங்க கவுன்சிலருக்கு இங்கதான் செல்வாக்கு” என்பதை எழுதாதீர்கள். கலிஃபோர்னியாவில் கட்சியோடும், பதவியில் இருப்பவரோடும், வேட்பாளரோடும் உள்ள உறவு, “நாங்கள் ஒன்று” என்பதற்கான காரணமாகச் சேராது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோணல் எல்லை என்றாலே சதி என்பது

எல்லை ஆற்றையோ ரயில் பாதையையோ ஒட்டிப் போனாலும் கோணலாகத்தான் இருக்கும். ஆறும் ரயில் பாதையும் கட்சி பார்த்து வளைவதில்லை.

படத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவது

பிளாக் எண்களையும் ஒவ்வொன்றின் மக்கள்தொகையையும் பட்டியலாக இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.