போனை விட்டு முற்றத்துக்கு வந்த மகன்

கோண்டாவிலில் எங்கள் வீட்டில் 4 வயது மகனுக்குப் பின்னேரம் முழுக்கப் போன்தான். இந்த வயதுக்கு ஒரு நாளில் 1 மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, அவனுக்கு அது 3 ஆகியிருந்தது. பறித்து வைத்தேன், ஒரே அழுகை, சரிவரவில்லை.

பிறகு அம்மம்மா சொன்னபடி, நுங்கு குடித்த கோம்பை இரண்டைத் தடியில் கோத்து, கவைத்தடியால் தள்ளுகிற வண்டில் செய்து, சிரட்டையும் பூவரசம் இலையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எப்படி விளையாடுவது என்று ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தேன். அதுதான் முக்கியம். முதலில் சும்மா நின்றான். கொஞ்ச நேரத்தில் வண்டில் யாழ்தேவி ரயில் ஆகிவிட்டது, காங்கேசன்துறைக்கு டிக்கெட் என்று இலையைக் கிழித்து என் கையில் தந்தான்! நேற்று அம்மம்மாவுக்கும் ஒரு டிக்கெட்.