மொட்டை மாடியில் கிதார் கச்சேரி வைப்பது எப்படி

ஒரு கிதார், ஒரு குரல், சொந்தமாக எழுதிய பாட்டு, அதில் கொஞ்சம் நாட்டுப்புறம், கொஞ்சம் போஸா நோவா என்கிற பிரேசில் இசை. இப்படிப் பாடுகிறவரை மதுரைக்குக் கூப்பிட ஆசை என்றால் மண்டபம் தேட வேண்டாம், முப்பது பேர் உட்காரும் மொட்டை மாடி போதும். திருப்பரங்குன்றம் பக்கம் எங்கள் மாடியில் நாலைந்து முறை வைத்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

போஸா நோவா 1950களின் கடைசியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தது, கடற்கரையோர அடுக்குமாடி வீடுகளில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து பாடியே வளர்ந்தது. அதன் முன்னோடிப் பாடகர் ஜோவோ ஜில்பெர்டோ பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பாடுவார். கிதாரில் கட்டைவிரல் சம்பா என்கிற பிரேசில் நடன இசையின் மேள அடியைச் சீராகப் போட்டுக்கொண்டே போக, மற்ற விரல்கள் அந்த அடிக்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். அந்தத் தள்ளல் காதில் விழாவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். அதனால் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டிய முதல் பொருள் அமைதி.

அதற்கு நாள் பார்க்க வேண்டும். தினசரி காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களை அடித்துவிடுங்கள். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், சித்திரைத் திருவிழாவில் ஊரே தூங்காது, ஐப்பசியில் மழை. தை, மாசியில் மாலை ஏழு மணி அருமையான நேரம். எங்கள் பக்கம் ரயில் போகும் என்பதால் நேரத்தைக் குறித்துவைத்துப் பாடுபவரிடம் முன்னாடியே சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர் மோட்டாரை ஆறரைக்குள் போட்டு நிறுத்திவிடச் சொல்லுங்கள், அப்படியே கச்சேரிக்கும் கூப்பிடுங்கள், அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் மோட்டார் ஓடாது.

பாடுபவரை மாடிப்படி அறைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், சத்தம் பின்னால் கரையாமல் முன்னால் வரும். ஜமக்காளம் விரித்து அரைவட்டமாக, நெருக்கமாக எல்லோரும் தரையில். பிளாஸ்டிக் நாற்காலி அசைந்தால் கிறீச்சிடும், முடியாத பெரியவர்களுக்கு மட்டும் போடுங்கள்.

மைக் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. முதல் தடவை வாடகைக்கு மைக் செட் எடுத்தேன், ஆளுயரத்துக்கு இரண்டு பாக்ஸ், எக்கோவும் வைத்துவிட்டார்கள், கட்டைவிரல் அடியெல்லாம் குழம்பிக் கூழாகிவிட்டது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாடியவரே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். எல்லோரும் இரண்டு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் விரல் நரம்பில் உரசி நழுவும் சத்தமும், அடுத்த வரிக்கு முன் அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது. அந்த நிமிடத்தை நான் மறக்கவே இல்லை. இருபது பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம். வேண்டும் என்றால் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) ஒன்று, எக்கோ பூஜ்யத்தில், பெட்டி மைக்கைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, ஒன்பதுக்கே முடித்துவிடுவது நல்லது.

நைலான் நரம்பு சூடு பட்டால் சுருதி மாறும். ஏசி காரில் வந்த கிதாரை அரைமணி நேரம் முன்பே மாடியில் வெளியே எடுத்துவைத்து, அப்புறம் சுருதி சேர்க்க விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், கிதாரை ஒட்டிய பசை இளகிவிடும்.

நம் ஆட்களுக்குத் தாளம் போடக் கை துறுதுறுக்கும். நாட்டுப்புறப் பாட்டில் ‘தன்னானே’ என்று எல்லோரும் சேர்ந்து பாடட்டும், போஸா நோவாவுக்குக் கைதட்ட வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

காசை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தலைக்கு 300 ரூபாய், 25 பேர் என்றால் 7,500. பாடுபவர் வந்து போகும் செலவு தனி, அது நம் பொறுப்பு. உறையில் போட்டு, பாடுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள், கேட்க வைக்காதீர்கள்.

பருத்திப்பால் கடைசிப் பாட்டுக்கு அப்புறம்தான், நடுவில் டம்ளர் சத்தம் கூடாது. முறுக்கும் அப்படியே.