நிசிரோஸ் தீவை முதன்முறை பார்ப்பவர்களுக்கு: ஓர் இரவு தங்கிச் சுற்றும் முறை

ஏஜியன் கடலின் தென்கிழக்கில், கோஸ் தீவுக்கும் தீலோஸ் தீவுக்கும் நடுவே ஏறத்தாழ வட்டமாக எழுந்து நிற்கும் கிரேக்க நாட்டு எரிமலைத் தீவு நிசிரோஸ். பரப்பு சுமார் 41 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், ஊர்கள் நான்கே. கோஸிலிருந்து காலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் எரிமலை வாயை எட்டிப் பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தொலைவு வந்தும் தீவில் பாதியைப் பார்க்காமல் போவதாகவே எனக்குப் படுகிறது. விசா, விமானச்சீட்டு, விடுதிப் பதிவு ஆகியவற்றை விளக்கப் போவதில்லை. கோஸ் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: சரியான படகைத் தேர்ந்தெடுத்தல்

எனக்கு அதிக நேரம் பிடித்ததும், புதிதாகச் செல்வோர் பலரும் குழம்புவதும் இந்தப் படியில்தான். கோஸிலிருந்து நிசிரோஸுக்கு இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒன்று சுற்றுலாப் படகு: காலையில் கோஸிலிருந்து புறப்பட்டு மாலையில் கோஸுக்கே திரும்பும். மற்றொன்று தீவுவாசிகளின் போக்குவரத்துப் படகு: அது காலையில் நிசிரோஸிலிருந்து கிளம்பி, பிற்பகலில் கோஸிலிருந்து திரும்பும். கோஸில் வேலை இருக்கும் நிசிரோஸ்காரர்களுக்காகவே அதன் நேரம் அமைந்திருப்பதால், பயணியின் பார்வையில் அட்டவணை தலைகீழாகத் தெரியும். இதைக் கவனிக்காமல் இரண்டாம் வகைப் படகில் ஒரே நாளில் போய்வரத் திட்டமிட்டால், போய்ச் சேரத்தான் முடியும். அன்றே திரும்ப வழியிருக்காது. ஆனால் ஓர் இரவு தங்குபவருக்கு அதே படகு மிகவும் பொருத்தமானது. பெரும்பாலும் கட்டணமும் குறைவு.

விமான நிலையத்திலிருந்து வருவோர், கோஸ் நகரத்துக்குப் போவதைவிட அருகிலுள்ள கார்தாமெனா துறைமுகத்தில் படகு கிடைக்குமா என்று முதலில் பார்ப்பது நல்லது. நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், இணைய அட்டவணையை மட்டும் நம்பாமல் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: முதல் மாலை, மந்த்ராக்கியும் பழைய மதிலும்

படகு தீவின் துறைமுக ஊரான மந்த்ராக்கியில் நிற்கும். ஊரின் மேற்கு முனையில் பாறைமேல் புனித யோவான் சபை என்னும் கிறித்தவப் போர்ச் சபையின் வீரர்கள் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையும், அதனுள் குகைக் கோயிலான பனாயியா ஸ்பிலியானியும் உள்ளன. படிகள் ஏறிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஊருக்குப் பின்னால் அரை மணி நேரம் போல மேட்டில் நடந்தால் வரும் பாலியோகாஸ்த்ரோ என்ற பழைய கோட்டை மதிலை நான் அதைவிட உயர்வாக மதிக்கிறேன்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த மதில், கருமையான எரிமலைக் கற்களைச் சுண்ணச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டப்பட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்தி நுழையாத அளவுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். வாயிலருகே சுவரை நிதானமாகப் பாருங்கள்: மதிலிலிருந்து ஐந்து அடி வரையிலான நிலம் பொதுச்சொத்து என்ற அறிவிப்பு பழைய கிரேக்க எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. புறம்போக்கை வளைத்துப்போடும் வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும்! இத்தீவின் கல் மாவரைக்கும் எந்திரக் கற்களுக்குப் பெயர் பெற்றிருந்ததையும், அக்கம்பக்கத்தார் இங்கிருந்தே அவற்றைப் பெற்றதையும் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கோஸ் தீவின் ஒரு துண்டைக் கடல் தெய்வமான பொசைடன் பெயர்த்து ஓர் அரக்கன்மீது எறிந்ததால் நிசிரோஸ் உருவானது என்ற கதையும் அவர் எழுத்தில் உண்டு.

1522-க்குப் பின் ஓட்டோமன் ஆட்சி, 1912 முதல் இத்தாலியர் ஆட்சி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே கிரேக்கத்துடன் இணைப்பு என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஊரின் கட்டடங்கள் எளிதில் விளங்கும்.

படி 3: இரண்டாம் நாள் காலை, எரிமலை வாய்

கோஸ் படகுகளின் கூட்டம் முற்பகலில் வந்து சேரும். அதற்கு முன்பே ஸ்தெஃபானோஸ் பள்ளத்தை அடைந்துவிடுவதற்காகத்தான் இரவு தங்கச் சொன்னேன். ஏறத்தாழ 330 மீட்டர் நீளமும் 260 மீட்டர் அகலமும் 27 மீட்டர் ஆழமும் கொண்ட இப்பள்ளத்தை உருவாக்கியது எரிமலைக் குழம்பு அன்று. நிலத்தடியில் கொதித்த நீர் நீராவியாகி வெடித்ததன் விளைவு இது. இதே வகை வெடிப்புகள் 1871 முதல் 1873 வரையிலும், மீண்டும் 1887-லும் பக்கத்திலேயே நிகழ்ந்து வேறு பள்ளங்களை உண்டாக்கின.

இறங்கும் பாதையில் பள்ளத்தின் தரைக்கே போகலாம். சிறு துளைகளைச் சுற்றி ஊசி ஊசியாகக் கந்தகப் படிகங்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். அவற்றின் வழியே ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தில் ஆவி சீறும். குனிந்தால் அடியில் சேறு கொதிக்கும் ஓசை கேட்கும். பலர் நடந்து இறுகிய தடத்தை விட்டு விலகாதீர்கள். ஆவித் துளைகளைச் சுற்றியுள்ள மேலோடு மெல்லியது. செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பகுதி கொண்ட, மூடிய காலணியே ஏற்றது. வெள்ளிக் கொலுசையும் மோதிரத்தையும் விடுதியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும்.

படி 4: நிக்கியாவும் எம்போரியோஸும்

எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு ஊர்கள் உள்ளன. நிக்கியாவில் கூழாங்கல் பதித்த சிறு சதுக்கமும் எரிமலை அருங்காட்சியகமும் உண்டு. எம்போரியோஸில் நுழைவிடத்திலுள்ள சிறு குகையில் பூமியின் வெப்பம் இயற்கை நீராவிக் குளியலாக வெளிப்படுகிறது. வழிகாட்டத் தாள் வரைபடத்தைவிட, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்தின் தரவைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். கழுதைப் பாதைகள்கூட அதில் உள்ளன.

உணவில், புலால் உண்ணாதவர்கள் பித்தியா என்று கேளுங்கள். நம் மசால்வடை போன்ற கொண்டைக்கடலைப் பொரியல் அது. பாதாம் பானமான சுமாதாவையும் தவறவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் சென்ற சிலர் இரண்டு சிக்கல்களைத் தெரிவித்தனர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீசும் மெல்தெமி என்னும் வடகாற்று பலத்தால் படகு ரத்தாகலாம். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நிக்கியாவிலிருந்து பள்ளத்துக்கு நடந்தே இறங்கலாமா என்றும் கேட்டிருந்தனர். இறங்கலாம், ஆனால் நிழல் மிகக் குறைவு என்பதால், பேருந்தில் நிக்கியாவுக்கு ஏறிக் கீழ்நோக்கி நடப்பதே சரி, வெயிலில் எதிர்த்திசையில் ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.